உடன் வந்தவர்

மைனி, ஒண்ணு கேக்கட்டா என்றான்.
என் கை தானாகப் போய்
மணிபர்சைத் தலையணைக்கு அடியில் தள்ளியது.
பார்த்தான்.
பாராத மாதிரி
சுவர்க் காலண்டரிடம் சொன்னான்:
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவியளா.

தூத்தூரில் இருந்து விடியக்காலை வண்டி.
அவன் அண்ணன் கடலுக்குப் போய் முப்பத்தோராம் நாள்.
போன் எட்டாத தண்ணீரில்
சுறாவுக்குத் தூண்டில் இறக்கிக்கொண்டிருப்பார்.
கேட்டுவிட்டுச் செய்ய ஆளில்லை.
பிள்ளையை உறக்கத்தோடு தூக்கினேன்.
பிளாஸ்கில் கட்டன்சாயா,
ரெஜினுக்கு இரண்டு சாரம், ஒரு துவர்த்து.

புதுக்கடை தாண்டுமுன்பே கொட்டாவி.
வாய் கிழிகிற கொட்டாவி, மூக்கொழுகல்.
வண்டிக்குள் புழுக்கம்,
அவன் கையிலோ மயிரெல்லாம் எழும்பி நிற்கிறது.
ராத்திரி தொழிலுக்குப் போனியா மக்ளே
என்று கண்டக்டர் சிரித்தார்.
அவனும் சிரித்தான்.
தொழிலுக்குப் போய் எட்டு மாதம்.

கருங்கலில் வண்டி கொஞ்சநேரம் நிற்கும்.
ஒரு சோடா குடிச்சிட்டு வாறேன் மைனி.
குரல் நல்ல குரல். கண் நல்ல கண் இல்லை.
பிடித்தால் உதறுவான், உதறியிருக்கிறான்.
கெஞ்சினால் சத்தியம் செய்வான்.
மாதா சத்தியம், கடல் சத்தியம்
எல்லாம் எங்கள் வீட்டில் செலவாகிப்போனது.
நான் ஒன்றும் பேசவில்லை.
உறங்குகிற டோனாவை அவன் மடியில் கிடத்தினேன்,
தலை அவன் முழங்கை மடிப்பில்,
சரியாக அந்தக் கறுத்த இடத்தில்.

மூன்று வயதுப் பிள்ளையை நங்கூரமாக்கியது
சரியோ தப்போ, ஆண்டவர் எழுதிக்கொள்ளட்டும்.
அவன் கால் நடுங்கியது.
அவளும் சேர்ந்து நடுங்கினாள், விழிக்கவில்லை.
டிரைவர் ஏறினார்.

சீட்டெழுதும் ஜன்னலில்
என்ன செய்யுது என்று கேட்டார்கள்.
பின்னால் நீண்ட வரிசை. அதில்
எங்கள் துறைக்காரி ஒருத்தி, சர்க்கரை மாத்திரைக்கு.
காய்ச்சல் என்றேன்.
இல்லே என்றான் அவன்.
வலி மாத்திரையை ஊசியில ஏத்துவேன். நிறுத்தணும்.
வரிசை இருமாமல் நின்றது.
எழுதுகிறவள் தலை தூக்கவில்லை:
உடன் வந்தவர் பேரு?

டாக்டரம்மாவுக்கு என் வயசுகூட இருக்காது.
திட்டு விழும், அவனுக்குப் பதிலாக
நான் குனிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருந்தேன்.
அவள் கணக்குதான் கேட்டாள்.
கடைசியா எப்போ. நேத்து ராத்திரி எட்டு.
ஒரே ஊசியை மாத்தி மாத்திப் போட்டதுண்டா. உண்டு.
ரத்தம் பார்க்கணும் என்று எழுதினாள்.
எத்தனை நாளா.
எட்டு மாதம் என்று நான் சொல்ல வாயெடுக்கையில்
மூணு வருசம் என்றான்.

மூன்று வருசம்.
பின்னோக்கி எண்ணினேன்.
டோனாவின் ஞானஸ்நானத்துக்கு அம்மை போட்ட கம்மல்,
முந்தின கிறிஸ்துமஸுக்கு முந்தினதில் காணாமல் போனது.
கிளெமென்சிதான் எடுத்தாள் என்று
கரை முழுக்கக் கேட்கக் கத்தினேனே.
குருசடி முன்னால் நின்று
தலையில் அடித்து அழுதாளே அவள்.
எனக்காகச் சண்டைக்குப் போனவன் ரெஜின்.

கம்மல்? என்றேன்.
தலையாட்டினான்.
டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.
அதை எழுத அந்தத் தாளில் கட்டமில்லை.

கட்டில் கிடைத்தது.
நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை.
கரையும்வரை பேசப்படாது, விழுங்கப்படாது என்றாள் சிஸ்டர்.
வாய்மூடி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஓடிப் போறவங்களும் உண்டு,
போய்த் திரும்பி வாறவங்களும் உண்டு
என்றாள், விரிப்பை இழுத்துவிட்டபடி.
ஆண்கள் வார்டு, இரவு நான் நிற்க முடியாது.
பிளாஸ்கை மட்டும் விட்டுவந்தேன்.

ஊரில் இறங்குகையில் இருட்டிவிட்டது.
என் வீட்டுக்கு முந்தின வீடு கிளெமென்சி வீடு.
இரண்டு வருசமாய் இந்த இடத்தில்
முகம் திருப்பி வேகமாய் நடப்பேன்.
உள்ளே மீன் பொரிகிறது. டிவி ஓடுகிறது.
தோளில் டோனா கனக்கிறாள்.
செருப்பைக் கழற்றியாயிற்று.
இனி எப்படிக் கூப்பிட,
பேர் சொல்லியா
முன்னைப்போல அக்கா என்றா?