பதினாலு மில்லி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் வேலை ஜோடி பார்ப்பது.
இடதையும் வலதையும் குதிகால் ஒட்ட நிறுத்தி
குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்குவேன்.
இரண்டு மில்லிமீட்டர் வரை விடலாம்.
மூன்றென்றால் சிவப்பு ஸ்டிக்கர்.
பெட்டிக்குள் போகாது,
ஜெர்மனிக்குப் போகாது.

மாதனூர் திருப்பத்தில் பின்னாலிருந்து வந்த பால் வண்டி
என் இடது இடுப்பை நொறுக்கிப்போட்டது.
வேலூரில் புது இடுப்பு வைத்தார்கள்.
மூன்றாம் மாதம் பிசியோ அறையில் ஒரு சின்னப் பெண்
என் வலது பாதத்தடியில்
பலகைத் துண்டுகளைச் செருகிக்கொண்டே போனாள்.
ஐந்து.
பத்து.
"இப்ப நேரா நிக்கற மாதிரி இருக்கா?"
இன்னும் கொஞ்சம் என்றேன்,
ஜாக்கெட் துணி கிழிப்பவனிடம் கேட்பதுபோல.
பதினாலில் நேரானேன்.

இடதுகால் நீண்டுவிட்டது.
மூட்டு நழுவாமல் நிற்க
சதையை இழுத்து வைத்ததில் அப்படி ஆகுமாம், சிலருக்கு.
உடம்பு பழகிக்கொள்ளும் என்றார் டாக்டர்.
கதவுக்கு வெளியே டோக்கனோடு ஒரு கூட்டம்;
அஸ்ஸாமிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்த ஒருவர்
மகனை மடியில் கிடத்தியிருந்தார்.
அங்கே பதினாலு மில்லிக்கு
எப்படி அழுவது?

"இன்னா சலோமி, இன்னும் நொண்டிகினே கீற?
அதான் ஆபரேசன் பண்ட்டாங்களே?"
"அதனாலதான், பச்சையம்மாக்கா."
அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள்.
நானும் சிரித்துவைத்தேன்.
இடது முழங்காலை மடக்கியே நிற்கிறேன் இப்போதெல்லாம்,
யாரோ உட்காரச் சொல்லி
பாதியில் மறந்துவிட்டதைப் போல.

சோல் செக்‌ஷன் தஸ்தகீர் பாய்
என் வலது செருப்பை வாங்கிப் புரட்டினார்.
"பதினாலா?"
ஏழுதான், பாய். முழுசையும் ஒரேயடியா ஏத்தக்கூடாதாம்.
ஷீட்டை வெட்டி, பசை தடவி, காயவிட்டு,
ஓரத்தை மெஷினில் இழைத்துக் கறுப்பும் பூசினார்.
ஒட்டு தெரியவில்லை.
வாங்கிய கையோடு மேசையில் ஜோடியாக நிறுத்தி
பழக்கத்தில் குனிந்துவிட்டேன்.
ஏழு மில்லி.
கை தானாகச் சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்தது.
எங்கும் ஒட்டவில்லை அதை.
என் விரல் நுனியிலேயே இருந்தது
சாப்பாட்டு மணி அடிக்கும்வரை.

ஆனால் நம் ஊரில் செருப்போடு வாழ்வது
நாளில் எத்தனை மணி நேரம்?
வாசலில் கழற்றினால் பழைய கால்.
அடுப்பின் முன் கம்பெனி ரப்பர் துண்டொன்றைப் போட்டிருக்கிறேன்,
அதில் வலது பாதம் வைத்துத்தான் குழம்பு கொதிக்கிறது.
ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்
துண்டைத் தேடிக் கால் இருட்டில் துழாவும்.
ஞாயிற்றுக்கிழமை அப்பமும் ரசமும் வாங்க
வெறுங்காலோடு வரிசையில் போகும்போது
கோணலாகத்தான் போகிறேன்.
ஆயர் கிண்ணத்தைச் சற்றுத் தாழ்த்துகிறார்.
ஆயர் தாழ்த்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன், தற்செயலாக.
சர்வீஸ் ரோட்டில் மழைத் தண்ணீர் வழிய
ஓரத்தைச் சரித்துப் போட்டிருக்கிறார்கள்.
இடது ஓரமாக நடந்தால்
நீண்ட கால் பள்ளத்தில், குட்டைக் கால் மேட்டில்.
நடை வழுக்கிக்கொண்டு போகிறது,
வண்டி இடிப்பதற்கு முன் இருந்தாளே, அவளுடைய நடை.

எதிரே வரும் வண்டியைப் பார்த்து
வலது பக்கமாக நட என்றுதான்
ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் சொல்கிறார்கள்.
அந்தப் பக்கம் சாலையும் சேர்ந்து என்னைச் சாய்க்கிறது.

ஷிப்ட் விட்டு ஆறு மணிக்கு வெளியே வருகிறேன்.
லாரிகள் விளக்குப் போடத் தொடங்கிவிட்டன.
இரண்டு பக்கமும் பார்க்கிறேன்.
பிறகு இடது ஓரத்தில் இறங்கி
முதுகை அவற்றுக்குக் கொடுத்து,
ஒவ்வொரு ஹாரனுக்கும் தோள் சுருங்க,
நேராக நடக்கிறேன்.