நியம விலகல்

நாற்பத்திரண்டு பெயர்கள்.
நாற்பத்திரண்டு கறுப்புச் சதுரங்கள்.
"விளங்குதா?" என்றேன்.
மின்விசிறி மட்டும் தலையாட்டியது.

முதல் மாதம் முழுக்க
இரண்டிரண்டு மணித்தியாலம் பேசினேன்,
இல்லாத கரும்பலகைப் பக்கம் கையை நீட்டி நீட்டி.
டொக்யாட் வீதி வீட்டுச் சுவர்
இந்நேரம் பட்டம் வாங்கியிருக்கும்.

கிண்ணியாவிலிருந்து றிஸ்மியா எழுதினாள்:
"மிஸ், பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் எனக்கு டேட்டா.
பகல்ல போன் வாப்பாவோட கடலுக்குப் போயிரும்."

அன்றிரவே பாடத்தை வெட்டினேன்.
ஆறு நிமிடத் துண்டுகள், வெறும் குரல்.
கடைசியில் ஒரு கணக்கு:
விடை வேண்டாம்,
எங்கே சிக்கினாய் என்று மட்டும் சொல்.

ஒன்றரைக்கு வந்தது முதல் பதில்,
பின்னால் தவளைகள்.
பிறகு மூதூர். பிறகு தோப்பூர்,
கூரையில் ஏறி நின்ற மூச்சிரைப்போடு.
இரண்டு வருடமாய் வகுப்பில் வாய் திறக்காத
குச்சவெளி நிதுர்சன்
நாலு நிமிடம் பேசியிருந்தான்.

றிஸ்மியா புத்தகக் கணக்கைத் தொடவில்லை.
"வாப்பாட சூடை மீன், மிஸ், அஞ்சு நாள்:
பூச்சியம், நாலு, முப்பத்தொண்டு, ரெண்டு, பதினெட்டு.
சராசரி பதினொரு கிலோ.
ஆனா ஒரு நாளும் பதினொரு கிலோ வரல்ல.
விலகல் சராசரியையும் விடப் பெரிசா வருது.
எங்க பிழை விட்டன்?"

மூன்று தரம் கேட்டேன்.
வாசலில் ஒரு மான்
அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.
ஒலிப்பதிவை அழுத்தினேன்.
"பிழை இல்லை, றிஸ்மியா" என்றேன்.
மிச்சத்தைச் சொல்ல
ஆறு நிமிடம் போதவில்லை.