எம்ஓவி பன்னிரண்டு

படுக்க வைத்த உடுக்கை மாதிரி
இரண்டு முக்கோணம், முனையோடு முனை.
அதுதான் வால்வு.
இடுப்பிலிருந்து மேலே ஒரு குச்சி,
குச்சியின் தலையில் வட்டம்,
வட்டத்துக்குள் எம்.
மோட்டார் வந்து உட்கார்ந்துவிட்டது.

பக்கத்தில் சின்ன வட்டங்கள்.
முழுக்கத் திறந்தேன் என்று சொல்ல ஒன்று,
முழுக்க மூடினேன் என்று சொல்ல ஒன்று.
நடுவில் நின்றால் இரண்டும் வாய் திறக்காது.
முழுக்கோடு தண்ணீர்,
துண்டு துண்டாய் வெட்டிய கோடு மின்சமிக்ஞை.
வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டால்
அந்தக் கருவி கட்டுப்பாட்டு அறையில், ஹீட்டர் பக்கத்தில்.
போடாவிட்டால் வெளியே, மழையில்.
பதினோரு வருடமாக வரைகிறேன்,
இந்தக் கடைசி வித்தியாசம்
மஞ்சூர் வந்தபிறகுதான் உடம்பில் ஏறியது.

வால்வின் காலடியில் எஃப்எல்.
கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே இரு.
காற்றில் இயங்கும் வால்வுக்கு ஸ்பிரிங் உண்டு,
மூச்சு நின்றதும்
திறந்தோ மூடியோ ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.
மோட்டாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
பேச்சின் பாதியில் தூங்கிப்போனவனைப் போல
வாய் பிளந்தபடி நிற்கும்.

ஆடி இரண்டாம் வாரம்,
கற்பூர மரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்த இரவில்
முப்பத்தேழு சதவீதத்தில் நின்றது.
ஜெனரேட்டர் இருமியது, எழவில்லை.
திரை மட்டும் பேட்டரியில் விழித்திருந்து
முப்பத்தேழு, முப்பத்தேழு என்றது.
தொட்டி விளிம்பில் தண்ணீர்.
கீழே கேரட் பாத்திகள்,
அதற்கும் கீழே பதினாறு லைன் வீடுகள்.

ஜோகி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போனார்.
நெம்புகோலை அழுத்தி
மோட்டாரைப் பிரித்துவிட்டு
கைச்சக்கரத்தை வலப்பக்கம் சுற்றினார்.
உலகத்துக் குழாயெல்லாம் அப்படித்தானே மூடும்.
இருபது சுற்று.
தண்ணீரின் சத்தம் கூடியது.

போன கோடையில் கியர்பெட்டியைக் கழற்றியவர்கள்
தலைகீழாய்ப் பொருத்தியிருந்தார்கள்.
மோட்டாருக்கு வயரை மாற்றிக் கொடுத்துச் சரிக்கட்டினார்கள்.
கைக்கு யாரும் சொல்லவில்லை.

இருபதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
இடப்பக்கம் இருநூற்றுப் பதினான்கு.
படுகு மொழியில் எண்ணினாராம்,
ஒவ்வொரு ஹத்துக்கும் கை மாற்றி.
நான் பார்த்தபோது தோல் உரிந்து
புதுத்தோல் வந்துகொண்டிருந்தது.

உள்ளது உள்ளபடி படத்தைத் திருத்த வந்தவள் நான்.
மேசைமேல் விரித்தேன்.
நான்கு மூலைக்கும் டீ டம்ளர் வைத்தார்.
விரலால் குழாயோடு நடந்து
பன்னிரண்டில் நின்று கேட்டார்:
"என் சக்கரம் எங்கம்மா?"

தயாபரன் சார் போனில் சொன்னார்:
மோட்டார் என்றால் கைச்சக்கரம் கூடவே வரும்,
குறியீட்டுத் தாளில் இருக்கிறது,
படத்தை முள்வேலி ஆக்காதே.
தப்பில்லை. நானே மூன்று பேருக்கு
அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

லாட்ஜில், கதவிடுக்கில் மேகம் நுழைகிற ராத்திரி,
மூடினேன் என்கிற வட்டத்தை நான்கு மில்லி நகர்த்தி
எம் பக்கத்தில் ஒரு சின்ன டி வரைந்தேன்.
கை.
திசைக்கு மட்டும் குறியீடு இல்லை,
எந்தத் தரநிலையிலும் தேடிக் கிடைக்கவில்லை.
ஆகவே குறிப்பு ஏழு:
இந்த வால்வைக் கையால் மூட
இடப்பக்கம் சுற்றவும்.

காலையில் ஜோகி படித்தார்.
தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்,
பிறகு தள்ளிப் பிடித்தார்.
"எழுத்தைப் பெருசாக்கும்மா,
வாயில டார்ச் இருக்கும்,
தலை ஆடும்."

இரண்டரை மில்லியை ஆறாக்கினேன்.
படம் கோணலாகத்தான் இருக்கிறது.