தீர்த்த ஜெரியின் ஆறு ஏக்கர்

கிராண்டில் எங்கள் பூட்டன் பெயர் தீர்த்த ஜெரி.
தீர்த்தகிரி என்று சொன்னது
துரை காதில் தம்பி பெயராய் விழுந்திருக்கிறது.
மை காயுமுன் யாரும் தடுக்கவில்லை.
சுங்கை குருவிங் நில அலுவலகத்தில்
நூறு வருஷமாய் நாங்கள்
ஜெரி வீட்டு ஆட்கள்.

அந்தத் துரை அயர்லாந்துக்காரன்.
குடித்தால் மட்டும் ஊர்ப்பேச்சு வருமாம்.
உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிய வருஷம்
அவன் வம்சத்தில் ஒன்பது பேர் கப்பலேறி
ஐந்து பேர் அமெரிக்காவில் இறங்கினார்களாம்.
காட்டை வெட்டி, வெட்டிய மரத்திலேயே வீடு,
வீட்டைச் சுற்றிச் சோளம்,
சோளத்தைச் சுற்றி மறுபடி காடு.
டிரெஸ்ஸர் ஞானமுத்து தமிழில் சொல்லிக்கொண்டே வர,
தாது வருஷத்தில் பாதி வீட்டைப் புதைத்த
குடும்பத்தில் பிறந்த பூட்டன்
ஒன்றே ஒன்று கேட்டானாம்:
"அந்தக் காடு யாருதுங்க?"

டிரெஸ்ஸர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

கங்காணிக் கடன் தீர்ந்த மாசம்
ஆற்றுக்கு மேலே ஆறு ஏக்கர்.
சரிவு அதிகம், பால்மரம் நிற்காது என்று
தோட்டம் கழித்துவிட்ட மேடு.
முதல் நடையில் பரங்கத்தி, உப்பு டின்,
கொய்னா மாத்திரை,
அம்மிக் குழவி.
அம்மி அடுத்த நடைக்கு என்றார்கள்,
அந்த அடுத்த நடை நாலு மாசம் கழித்துத்தான் வந்தது.
பச்சையம்மா
ஆற்றுப் பாறையில் மிளகாய் அரைத்தாள்.
எட்டு மாசக் கர்ப்பிணி, பாறைக்குக் குனிய முடியாமல்
தண்ணீரில் உட்கார்ந்து அரைத்தாளாம்.
காரம் கரைந்து போனதில்
மீன்கள் ஓடின என்பது வீட்டுச் சிரிப்பு.
பிறந்த பிள்ளை பதினோரு நாள் இருந்தது.
புதைத்த இடத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை.
எண்ணெய் நிலையம் வந்தபோது
என் அப்பா அந்தப் பக்கம் வண்டிக்கு எண்ணெய் போடவே மாட்டார்.
காரணம் கேட்டால்
விலை ஜாஸ்தி என்பார்.

மேட்டின் முதுகில் டுரியான் மரங்கள்.
இரண்டை வெட்டிச் சாய்த்து
மூன்றாவதில் கோடரி வைத்தபோதுதான்
பூட்டனுக்கு உறைத்தது,
ஒவ்வொன்றுக்கும் நடுவே
பன்னிரண்டு எட்டு.
ஏழு மரம், ஒரே கோடு.
காடு இப்படி முளைக்காது.

அன்று பொழுது சாய
சும்பித்தானோடு ஓர் அஸ்லி ஆள் வந்தான்,
கூட ஒரு சிறுமி.
அவன் வெட்டின கட்டையைத் தொட்டான்.
சிறுமி
கோடரி பட்ட மரத்தின் காயத்தில்
ஈரமண் அப்பினாள்.
ஒரு பேச்சில்லை. போய்விட்டார்கள்.

பழ மாசத்தில் வந்தார்கள், ஏழெட்டுப் பேர்.
பொறுக்கினார்கள்.
பாதியைக் குடிசைக் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.
மறு வருஷம் பச்சையம்மா
மரத்தடியில் உப்பு டின்னை வைத்தாள்.
உப்பு போனது, டின் இருந்தது.
இருபது வருஷத்துக்கு மேல் இப்படி.
அப்புறம் ஒரு பழ மாசம் உப்பு அப்படியே கிடந்து
மழையில் கரைந்தது.
எங்கே போனார்கள் என்று
எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.
இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

என் எண் நாற்பத்தேழு.
"ஜெரி? கிறிஸ்தியானா?" என்றாள் பெண் அதிகாரி.
இல்லை, எழுத்துப் பிழை என்றேன்.
திருத்த ஒரு பாரம் தந்தாள்,
சத்தியக் கடிதம், அறுபது ரிங்கிட்,
இரண்டு சாட்சி.
சாட்சிக்கு ஆளே இல்லை என்றதும் அவளும் சிரித்துவிட்டாள்.
மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
முந்தைய உரிமையாளர்.
பேனாவை மேஜையோடு நூலில் கட்டியிருந்தார்கள்.
கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

ஜெரியாகவே இருக்கட்டும் என்று
நிலவரி மட்டும் கட்டிவிட்டு வந்தேன்.

ஐந்து மரமும் காய்க்கின்றன.
போன வாரம் ஒரு பழம்
கார் கண்ணாடியில் விழுந்தது.