அக்கா மட்டக்களப்புக்குப் போன நாள்

நேர்முகப் பரீட்சைக்கு
ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள் அக்கா.
ஓடிக்கொண்டே சொன்னவை:
பாண் பெட்டிக்குள், பருப்பைச் சூடாக்கு,
சின்னவளுக்கு முட்டை மஞ்சள் ஆகாது,
கேற்றைச் சாத்து, மான் வரும்,
மிச்சத்தை யதுசனைக் கேள்.

யதுசனுக்கு எட்டு வயது.
பாயில் எழுந்திருந்து என்னைப் பார்த்தான்,
புதிதாய் வேலைக்கு வந்தவனை
கங்காணி பார்க்கிறமாதிரி.

நான் கடல் எஞ்சின் திருத்துகிறவன்.
திருக்கடலூர்க் கரையில்
உப்புத் தின்ற பிஸ்டன், இறுகிப்போன நட்டு
எல்லாம் கடைசியில் என் கைக்கு இளகும்.
லதுஷாவின் தலைமயிர் இளகவில்லை.
இரட்டைப் பின்னல் கேட்டாள்.
ஒன்று காதுக்கு மேலே போனது,
மற்றது பிடரியில் தனியே தொங்கியது.
கண்ணாடியில் கனநேரம் பார்த்துவிட்டு
"பரவாயில்லை மாமா" என்றாள்,
செத்தவீட்டில் சொல்கிற குரலில்.

பத்து மணிக்கு வந்தது மான்.
கேற்றை நான் சாத்தவில்லை.
காணி உறுதி தன் பெயரில் இருப்பதுபோல
முற்றத்தைக் கடந்து, படியில் காயவைத்த
'எனது குடும்பம்' படத்தை
ஓரத்திலிருந்து மெல்லத் தொடங்கியது.
ஓரத்தில் நின்றவர் அப்பா.
கட்டாரிலிருந்து வந்து நின்றவரை
மானின் வாய்க்குள்ளிருந்து இழுத்தெடுக்க
தும்புத்தடியோடு ஓடினேன்.
தலை தப்பவில்லை. சப்பாத்து மட்டும் மிஞ்சியது.

அழுவாள் என்று நினைத்தேன்.
லதுஷா பென்சிலைச் சீவினாள்.
"திரும்பக் கீறலாம் மாமா.
நெஞ்சுமட்டும் கீறினால் காணும்.
போனில அப்பாவுக்குக் கால் இல்லைத்தானே."

அதற்குப் பதில் தேடிக்கொண்டு
நான் அடுப்படியில் நின்ற நேரம்
அறைக் கதவு பூட்டுகிற சத்தம்.
உள்ளே அக்சரா. மூன்று வயது.
வெளியே நான், மாமா, ஊரறிந்த மெக்கானிக்.

சாமான் பெட்டியைக் கொட்டினேன்.
பதினேழாம் நம்பர் ஸ்பனர், பன்னிரண்டாம் நம்பர்,
ஒன்றும் அந்தப் பூட்டோடு உறவாடவில்லை.
உள்ளே முதலில் பாட்டு,
பிறகு மௌனம்,
பிறகு "அம்மா".
அந்தச் சொல்லோடு என் கை நடுங்கத் தொடங்கியது.
கைப்பிடியின் மூன்று திருகாணியைக் கழற்றிவிட்டு
நாலாவதோடு நான் மல்லுக்கட்ட
யதுசன் என் முழங்கையைத் தட்டினான்:
"நீங்க கொஞ்சம் தள்ளுங்கோ."

நிலத்தில் குப்புறப் படுத்து
கதவுக்கடி நீக்கலில் வாயை வைத்தான்.
"அக்சு, கட்டையைப் பிடிச்சிட்டியா?"
"ஓம்."
"கடல் பக்கம் திருப்பு."

கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
"எந்தக் கடல்?"

ஞாயமான கேள்வி.
எங்கள் வீட்டுக்குக் கிழக்காலும் கடல்,
மேற்காலும் கடல்.
முப்பத்துநாலு வருடம் இந்த ஊரில் இருக்கிறேன்,
எனக்கு இது வாயில் வந்திராது.

"கப்பல் கடல் இல்லை" என்றான் யதுசன்.
"ஐஸ்கிறீம் கடல்."

டக்.

வெளியே வந்தவள் அழவில்லை.
சப்பாத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.
ஐஸ்கிறீம் என்று சொல்லியாயிற்று,
இனி அது கடன்.

வெயில் தாழ டச்பேக்குப் போனோம்.
நாலு கோன். என்னுடையதில் பாதியை
அக்சரா தின்றாள், மீதியைக் கடற்காற்று.
லதுஷாவின் கழன்ற பின்னலைப் பார்த்து
முன்பின் தெரியாத ஒரு மனுசி
கேளாமலே குந்தியிருந்து சீராகப் பின்னிவிட்டு
என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

இரவு எட்டுக்கு பஸ்ஸிலிருந்து அக்கா எடுத்தாள்.
ஹபரணையால் சுற்றுகிறதாம், வரப் பிந்துமாம்.
நேர்முகம் எப்படி என்று கேட்டேன்.
"நீ அங்க எப்படி?" என்றாள்.
போனைப் பறித்த யதுசன்
ஒற்றைத் திருகாணியில் தொங்குகிற கைப்பிடியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"ஒரு பிரச்சினையும் இல்லை அம்மா.
மான் வந்தது. அவ்வளவுதான்."

இப்போது என் வலக்கையில் அக்சரா நித்திரை.
கை விறைத்து ஒரு மணித்தியாலம்.
நுளம்பொன்று காதடியில் சுற்றுகிறது.
திரும்பிப் படுக்கவேண்டும்,
எந்தக் கடல் பக்கம் என்றுதான் தெரியவில்லை.