ஆறு வேளை

நான்கு தையல்.
மருத்துவர் ஒரு பழைய உறையின் பின்புறம்
நாக்கை வரைந்தார், அதன் அடியில் ஒரு வைர வடிவம்.
"ஆறிவிடும். ஆனால் ஒட்டிக்கொள்ள விடாதீர்கள்."
ஆறவும் வேண்டும், மூடவும் கூடாது.
எந்தப் புண்ணோடும் நான் இப்படிப் பேரம் பேசியதில்லை.

வெளியே புந்தா அரேனாஸின் காற்று
கார்க் கதவைப் பிடுங்கப் பார்த்தது.
தம்பிக்கு நாற்பத்தாறு வயது,
இருபத்தைந்து வருடம் நண்டுப் படகில்.
நனைந்த பஞ்சுத்துணியைக் கடித்தபடி
முழங்கால்மேல் கைகளை அடுக்கி வைத்து
முதல் நாள் பள்ளிக்குப் போகிறவன்போல் உட்கார்ந்திருந்தான்.

அவன் பெயர் ரொசெந்தோ.
எங்கள் பேச்சில் அந்த முதல் எழுத்து
சரளைமேல் வண்டிபோல உருள வேண்டும்.
அவனுக்கு உருளாது. "ஓசெந்தோ" என்பான்.
ஓசோ என்றால் கரடி.
துறைமுகம் அதைப் பிடித்துக்கொண்டது,
அவனும் பெயருக்கேற்பத் தோள் வளர்த்துக்கொண்டான்.

இந்த வயதில் எதற்கடா என்றதற்குக்
கையால் ஒரு அலையைக் காட்டினான்.
போன குளிர்காலம், படகு வானொலியில்,
பாறை, பாறை, பாறை என்று மூன்று முறை கத்தியிருக்கிறான்.
ரோக்கா என்றால் பாறை.
அவன் வாயில் அது ஓக்கா: வாத்து.
பின்னால் வந்த படகில் யாரோ சிரித்தார்களாம்,
அடிப்பலகை கிழியும்வரை.

முதல் நாள் ஐஸ்.
அப்புறம் ஆறிய உருளைக்கிழங்கு மசியல்.
சூடான மாத்தே கூடாது என்றதும்
என்னை நாடு கடத்துகிறவளைப்போல் பார்த்தான்.
உப்புநீரைக் கொப்பளிக்கவும் கூடாது,
தலையைச் சாய்த்து வழியவிட வேண்டும்.
மூன்றாம் நாள் காயம் வெளுத்தது.
சீழ் என்று பதறித் தொலைபேசினேன்.
"வாய்க்குள் பொருக்கு அப்படித்தான் இருக்கும்"
என்றாள் செவிலி, எதையோ மென்றுகொண்டே.

ஒரு நாளைக்கு ஆறு வேளை
நாக்கை மேலண்ணத்துக்குத் தூக்க வேண்டும்.
கையுறை போட்ட என் இரு விரல்கள் அடியில்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்கில் அவன் கண் நிறையும்.
ஐந்தை நான் அவசரப்படுத்துவதில்லை.
இவ்வளவு கிட்டத்தில்
இவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.
இடது புருவத்தில் ஒரு தழும்பு,
எப்போது விழுந்ததென்று எனக்குத் தெரியவில்லை.

ரொட்டிக் கடையில், பேருந்தில்,
அப்பாவை அடக்கம் செய்த அன்று பாதிரியாரிடம்,
எல்லா இடத்திலும் இவனுக்காகப் பேசியவள் நான்தான்.
அதை அன்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஆனால் இவனுக்கு ஒன்பது வயதில்
என் தோழிகள் முன் நிற்க வைத்து
ரயில்பாதை என்று சொல்லச் சொன்னேன்.
ஃபெர்ரொகார்ரில். உருளும் எழுத்து இரண்டு இடத்தில்.
பதினொரு முறை சொன்னான்,
எங்களுக்குப் பிடித்திருக்கிறதென்று நம்பி.
விரல்கள் இவன் வாய்க்குள் இருக்கும்போது
அதைச் சொல்லிவிடலாமா என்று தோன்றும்.
பதில் பேச முடியாதவனிடம்
மன்னிப்புக் கேட்பது வசதிதான்.
கேட்கவில்லை.

பத்தாம் நாள் இரவு
குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம்.
குளிரில் பிடிக்காத படகு மோட்டார்,
கயிற்றை இழுக்க இழுக்க
ஒரு இருமல், அப்புறம் ஒன்றுமில்லை.
மறுபடி இழுத்தான்.
காலணி இல்லாமல் இருட்டில் நின்றேன்,
கால் விறைக்கும்வரை.

மறுநாள் மருத்துவமனையில்
பெயர் என்ன என்றாள் வேறொரு செவிலி.
என் வாய் பழக்கத்தில் திறந்தது.
பல்லால் நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே வலித்தது.
"ஓசெந்தோ" என்றான் அவன்.
அதே ஓசெந்தோ.
அவள் நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் கலஃபாத்தே பழ ஜாம்
புட்டியிலிருந்தே கரண்டியால் தின்றான்.
மேலுதட்டில் ஊதாவாக ஒட்டியதைத் துடைக்கத்
துணி எடுத்தேன். கையைத் தடுத்தான்.
நாக்கு வெளியே வந்தது, தயங்கியது,
மூக்குக்குக் கீழே மெதுவாக ஒரு சுற்று.
நாற்பத்தாறு வருடம் அங்கே போனதே இல்லை அது.
"மீசை உப்புக் கரிக்கிறது" என்றான்,
யாரோ தன்னிடமிருந்து மறைத்து வைத்ததைப்போல.