மூன்றாம் பக்கம்

ஜனவரியில் பணம் கட்டியாயிற்று,
இன்னும் முளைக்காத புல்லுக்கு,
இன்னும் சுரக்காத பாலுக்கு.
ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில்:
ஜூன் பதினைந்துக்கு முன் அறுப்பு இல்லை.
பால் குறைந்தால் பங்கும் குறையும்.
குரோனிங்கன் நகரில் நாற்பத்தொரு வீடுகள்.
நான் பேருந்து ஓட்டுகிறவள்,
படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை
மூங்கில் குச்சிகளைக் கொடுத்து
வரிசையாக நடக்கவிட்டார் தியாலிங்.
கடலுக்குக் கீழே கிடக்கிற நிலம்.
காலணிக்குள் சளக் சளக்கென்று தண்ணீர்.
"கூட்டைத் தேடாதீர்கள்,
பறவை எழும்பும் இடத்தைப் பாருங்கள்."
கருவால் மூக்கன் ஒன்று
என் முழங்காலருகே வெடித்துக் கிளம்பி
தலைக்கு மேல் வட்டமிட்டுத் திட்டித் தீர்த்தது.
நான்கு முட்டைகள், சேற்று நிறம்,
கூர்முனைகள் உள்நோக்கி,
ரகசியம் பேசும் நான்கு தலைகள்.
இருபுறமும் குச்சி நட்டேன். எண் பதினொன்று.
அன்றைக்கே அதை என் கூடு என்று
சொல்லத் தொடங்கிவிட்டேன்.

மே ஒன்பது, இரவுப் பணி முடியும் நேரத்தில் செய்தி:
பதினொன்று காலி. நரியாக இருக்கும்.
கடைசி நிறுத்தத்தில் விளக்கை அணைத்துவிட்டு
உட்கார்ந்திருந்தேன்.
பிறகு கேட்டேன், வெட்கங்கெட்டுத்தான் கேட்டேன்:
அந்த மூலையை மட்டும் இப்போதே அறுத்துவிடலாமே?
காலையில் பதில்:
பன்னிரண்டின் குஞ்சுகள் அங்கேதான் பூச்சி பிடிக்கும்.
உங்கள் குச்சிகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

பக்கத்துப் பண்ணைகளில் இயந்திரங்கள் ஓடின.
இளம்புல், இனிப்புப் புல்,
உருண்டையாய்ச் சுருட்டி வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கட்டிய புல்.
எங்கள் வயலிலோ முற்றிப் பூத்து
ஊதாவாய்ச் சாய்ந்து கிடந்தது.
தியாலிங்கின் மைத்துனர் அந்த வழியே போகையில்
டிராக்டரை நிறுத்துவாராம்,
ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போவாராம்.
அதற்கு ஏசியிருக்கலாம் என்றாள் வைட்ஸ்கே.

அக்டோபரில் வீட்டுக்கு மூன்று பாலாடைக்கட்டி
இரண்டாயிற்று.
ஐந்து வீடுகள் விலகின.
ரூர்ட் பணத்தைத் திருப்பிக் கேட்டான்,
நியாயமாகத்தான் கேட்டான், அவனுக்கு மூன்று பிள்ளைகள்.
கட்டியில் லேசாக ஒரு கசப்பு.
காட்டுப்பூவின் கசப்பு என்கிறாள் வைட்ஸ்கே.
முற்றின புல்லுடையது, வேறென்ன என்கிறார் தியாலிங்.
ஏழாம் எண் பேருந்தின் பத்து நிமிட இடைவேளையில்
ரொட்டியில் சீவி வைத்துத் தின்கிறேன்.

மறுபடி ஜனவரி.
மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.
பேனாவைத் தேடப் போன இடத்தில்
குடைகளுக்கு நடுவே சேறு காய்ந்து நின்றன
இரண்டு மூங்கில் குச்சிகள்.